பேர் வெட்டின டப்பி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். யார் சளியைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் சயரோகக் கிருமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பேன். இல்லை என்று நிச்சயமாகத் தெரிகிறவரை கண்ணை எடுக்க மாட்டேன். இந்தப் புத்தி வேலை நேரத்தோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் மனைவி ஹமீதுன்னிசா புலம்புவாள். சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் குழம்பை மோந்து பார்க்கிறேனாம். பார்த்தால் என்ன? கெட்டுப்போன குழம்பை நம்பித் தின்றவனுக்கு எந்த ஊரிலும் மாலை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தர்மபுரியில் சில வியாபாரிகள் சேர்ந்து நடத்திவந்த தர்ம ஆஸ்பத்திரி அது. பின்பக்கத்து ஓட்டு அறைதான் லேபரட்டரி. ஊர் ஜனங்களுக்கு அது 'சளி பாக்கற ரூம்'. மதராஸில் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்த அப்துல் ரஷீதாகிய நானும், என்னைவிட மூத்தவரான மல்லையனும் அங்கே வேலை பார்த்தோம். மல்லையன் டப்பிகளை வாங்குவார், கொதிக்க வைப்பார், கொளுத்துவார். நான் ஜன்னல் ஓரத்தில் வெயிலைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன்.

டப்பி என்று சொன்னதை விளக்க வேண்டும். யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். கண்ணாடிப் புட்டி கிடைக்கவில்லை. காகிதத்துக்கு அதைவிடத் தட்டுப்பாடு. கிடைத்த மட்டமான காகிதத்தில் பேர் எழுதி ஒட்டினால் மறுநாள் காலையில் அது ஊறி உரிந்து தரையில் கிடக்கும். எங்கள் டாக்டர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நம் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுண்டா? குடத்திலும் சொம்பிலும் பெண்ணின் பேர் இருக்கும். வெற்றிலைப் பெட்டிக்குள் கிடக்கும் சுண்ணாம்பு டப்பியைக்கூட விடமாட்டார்கள். அந்த டப்பியைச் சுரண்டிக் கழுவி, விடியற்காலைச் சளியை அதில் எடுத்துவரச் சொல்லிவிட்டால் புட்டியும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். பேர் இல்லாத டப்பி என்றால் வீட்டிலேயே ஆணியால் கீறிக்கொண்டு வரச் சொல்லிவிடலாம். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கும் பிரமாதமாகத்தான் பட்டது.

இன்னொரு சட்டமும் போட்டார். ஜன்னலில் பேச்சு கூடாது. அதற்கு முன்னால் மல்லையன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு விசாரித்துத்தான் வாங்குவார். அவர் கூப்பிட்ட பேரெல்லாம் மத்தியானத்துக்குள் கடைவீதியில் உலாவும். கம்பைநல்லூரிலிருந்து வந்த ஒரு பலகாரக் கடைக்காரர், சளியைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதற்குள் அவர் கடைக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. பாவம், அவருக்கு நோயே இல்லை. அதனால் டாக்டர் வாயைக் கட்டிவிட்டார். கொண்டுவருகிறவர்கள் டப்பியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும். நான் டப்பியில் உள்ள பேரைப் பார்த்துப் பதிந்துகொள்வேன். முடிவைக் கேட்க வரும்போது அவர்கள் காதில் மட்டும் சொல்வேன். நோய் இல்லாதவர்களின் டப்பியைக் கொதிக்கவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். நோய் உள்ளவர்களின் டப்பியைக் கொளுத்திப் பின்பக்கத்துக் குழியில் புதைத்துவிடுவோம். திருப்பிக் கொடுத்தால் நாளைக்கே அதில் சுண்ணாம்பை நிரப்பி நாலு பேருக்கு நீட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஜனங்கள் விவரமானவர்கள். டப்பி திரும்பினால் நோய் இல்லை, திரும்பாவிட்டால் நோய் என்று கண்டுகொள்ள அவர்களுக்கு ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. நான் காதில் சொல்வதை யாரும் கேட்பதே இல்லை. என் கையைத்தான் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களோ வெளியே வருகிறவர்களின் கையைப் பார்ப்பார்கள். ரகசியத்தைக் காப்பாற்ற நாங்கள் செய்த ஏற்பாடு ஊருக்குத் தமுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் ஓர் இளம்பெண் ஜன்னலுக்கு வந்து நின்றாள். கையில் டப்பி இல்லை.

"என் டப்பியக் குடுங்க சாயபு" என்றாள்.

"எந்த டப்பி?"

"பித்தளை டப்பி. ராமக்கான்னு எம்பேரு வெட்டியிருக்கும். சித்திரையில எங்க ஓரகத்தி கொண்டாந்து வெச்சாங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம். மாமனார் இருமி இருமி ரத்தமாகக் கக்கிச் செத்த வீடு. அந்த வீட்டில் இருக்கும் எல்லோரும் சளி கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் தம்பி இருவரும் பட்டாளத்தில் இருந்ததால் வீட்டில் சளி கொடுக்க இருந்தது அவர்களுடைய மனைவிமார் மட்டும்தான். மூத்தவள் சென்னம்மாள் இரண்டு டப்பிகளைக் கொண்டுவந்து வைத்தாள். சென்னம்மாள் என்று வெட்டிய டப்பி சுத்தம். ராமக்கா என்று வெட்டியதில் கிருமி கொத்துக் கொத்தாக இருந்தது.

"அது வராதும்மா. உனக்கு விஷயத்தைச் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்க. எனக்குச் சயம் இருக்குதுன்னு சொல்லித்தானே பால் குடிக்கிற புள்ளையப் புடுங்கிக்கிட்டு எங்க ஆத்தா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு இருமலே இல்லைங்க. ராத்திரி வேர்வை இல்ல, காச்சல் இல்ல. மூணு வேளையும் நல்லாத் தின்னுட்டு இருக்கறேன். என்னையப் பாத்தா நோய்க்காரி மாதிரியா இருக்குது?"

இல்லைதான். கன்னமும் தோளும் திரண்டு, வயல்வேலை செய்கிற உடம்பு. ஆனால் உடம்பைப் பார்த்து முடிவு சொல்வதென்றால் நான் எதற்கு? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க சாயபு. எங்க ஓரகத்தி உங்களுக்கு என்ன குடுத்தா?"

எனக்குக் கோபம் தலை உச்சிவரைக்கும் ஏறிவிட்டது. "இங்கேயிருந்து போ வெளியே!" என்று கத்தினேன். ஜன்னலில் பேச்சு கூடாது என்ற சட்டத்தை அந்தக் கத்தல் அடியோடு உடைத்தது. மருந்துக்கு நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் எழுந்து ஓடிவந்தார்.

அவர் அவளை உள்ளே உட்காரவைத்து விசாரித்தார். சென்னம்மாளுக்குக் குழந்தை இல்லை. ராமக்காவின் பையனை வளர்ப்பதே தனக்குப் பாக்கியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். ராமக்கா மகனைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, கிட்டே வராதே என்று விரட்டுகிறாளாம். கம்பைநல்லூரில் தாய் வீட்டில் இருக்கும் ராமக்காவிடம், 'உனக்கு நோய் இருக்கிற மாதிரியே தெரியலையே, நெசமாத்தான் சொன்னாங்களா' என்று அக்கம்பக்கத்தார் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

"முட்டி போட்டு நகர்றானாம் இப்ப. அதக்கூட நான் பாக்கலைங்க" என்று சொல்லும்போதுதான் அவள் அழுதாள். எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் என் பின்னாலேயே வந்தார். "ரஷீத், ஸ்லைடை மாத்தி வெச்சிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

டப்பியில் இருக்கும் சளியை ஈர்க்குச்சியால் எடுத்துச் சிறிய கண்ணாடித் துண்டில் பூசுவோம். அதுதான் ஸ்லைடு. அதன் ஓரத்தில் எண்ணைக் கீறிய பிறகுதான் அடுத்த டப்பியைத் தொடுவேன். இதைத் தவறவிட்டதாக என் பரம விரோதிகூடச் சொல்லமாட்டான். டாக்டர் சொன்னார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நோய் தெரிந்த ஸ்லைடுகளை எடுத்துவைத்திருந்தேன். ராமக்காவின் எண் போட்டதைத் தேடி மறுபடி வெயிலில் பார்த்தேன். சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தில் கழுவி, மேலே நீலம் ஏற்றினால் மற்றதெல்லாம் நீலமாகிவிடும். அந்தக் கிருமி மட்டும் பிடிவாதமாகச் சிவப்பாகவே நிற்கும். நின்றது. டாக்டரும் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

ராமக்காவை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து அடுத்தடுத்த காலைகளில் சளி எடுத்தோம். அவளுக்குச் சளி வந்தால்தானே? உப்புத்தண்ணீர் ஆவி பிடிக்கச் சொன்னேன். கிணற்றைச் சுற்றி ஓடச் சொன்னேன். காறிக் காறித் தொண்டை புண்ணானதுதான் மிச்சம். வந்த கொஞ்சத்தையும் மூலை முடுக்கு விடாமல் தேடினேன். எல்லாம் நீலம். ஒரு சிவப்புக்கூட இல்லை. டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கோவில் மணி மாதிரி இருக்கிறது என்றார்.

ஸ்லைடில் நோய் இருக்கிறது, ஆளிடம் நோய் இல்லை. நடுவில் யாரோ விளையாடியிருக்கிறார்கள். ஸ்லைடை நான் மாற்றவில்லை. அப்படியென்றால் டப்பி மாறியிருக்கவேண்டும். டப்பியைத் தொடுகிற இன்னொரு கை யாருடையது? என் புத்தி நேராக மல்லையனிடம் போய் நின்றது. பித்தளை விலை ஏறிக் கிடந்த காலம். நல்ல டப்பியை விற்றுவிட்டு, யாருடைய ஓட்டைத் தகரத்தையோ கொளுத்திப் புதைத்திருந்தால் யார் கண்டார்கள்? அந்த அவசரத்தில் சளியையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கலாம். யோசிக்க யோசிக்க அது நடந்ததாகவே எனக்குத் தோன்றியது.

"மல்லையா, குழியைத் தோண்டணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்தார். நான் கரையில் நின்று காவல் காத்தேன், ஒரு கள்ளனைக் காப்பதுபோல. சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த மண்ணை வாரிப் போட்டுக்கொண்டே வந்தவர், கறுத்துப்போன டப்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து என் காலடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது கிடைத்தது. வேட்டியில் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கரிக்குள்ளே 'ராமக்கா' என்று தெளிவாக இருந்தது.

"நல்லாப் பாரு சாயபு. எழுத்துத் தெரியுதா? இன்னொரு தடவை எம்மேல சந்தேகப்பட்டீன்னா உன்னையும் இதே குழிக்குள்ள எறக்கி மூடிருவேன். ஆமா."

எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. டப்பியை எடுத்துக்கொண்டு நேரே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ராமக்காவிடம் போனார். டாக்டரும் அங்கேதான் நின்றிருந்தார்.

"இந்தா ஆத்தா, உன் டப்பி. யாரும் விக்கலை. பாத்துக்க" என்று கீழே வைத்தார்.

ராமக்கா அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். "இதுலயா பாத்தீங்க?" என்றாள். "இதுல நான் துப்பவே இல்லைங்களே."

"என்ன சொல்றே?" என்றேன்.

"அன்னைக்கு வெடியக்காலம் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தனுங்க. அக்கா வந்து அவங்க டப்பிய நீட்டினாங்க. வெள்ளி முலாம் போட்டது. இதுல துப்புடின்னாங்க. துப்பினேன். என்னுத அவங்க எடுத்துக்கிட்டுப் போனாங்க."

"இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. எதுல துப்பினா என்னங்க? அதான் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறீங்களே. யாரு சளின்னு அதுல தெரியாதா?"

டாக்டர் படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவளை ஏமாளி என்று எப்படிச் சொல்வது? இத்தனை பெரிய கருவியை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பூச்சியையே கண்டுபிடிக்கிறவர்கள், அது யார் நெஞ்சிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கமாட்டார்களா என்று அவள் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. டப்பியில் வெட்டிய பேரைத் தவிர எங்களுக்கு ஒரு விவரமும் தெரியாது என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து, 'இது யாருடையது' என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"இல்லைம்மா. அதுல ஆளு தெரியாது. டப்பியில இருக்கிற பேரத்தான் நாங்க பாத்தோம்" என்றார் டாக்டர்.

ராமக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு அவளுக்கே புரிந்துவிட்டது. "அப்ப நோய் இருக்கறது அக்காவுக்கா? எம்புள்ள அவங்க மடியில இருக்கறானே!" என்று எழுந்தவள், சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து ஓடினாள்.

"நீயும் கூடப் போ ரஷீத்" என்றார் டாக்டர். "மொதல்ல கொழந்தையப் பிரிச்சாகணும். அந்தம்மாவைக் கையோட இங்கே கூட்டிட்டு வா."

பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடிய பஸ் அது. மேடு வந்தால் நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். ராமக்காவும் இறங்கித் தள்ளினாள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் தன் புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கா சாயபு" என்றாள் ஒரு தடவை.

எனக்கும் அப்படித்தான் பட்டது. டப்பியை மாற்றிக் கொடுத்தவளுக்கு, எந்த டப்பி திரும்பவில்லை என்று தெரியாதா? திரும்பாத டப்பியில் இருந்தது தன் சளிதான் என்று தெரியாதா? எல்லாம் தெரிந்தும் தாயை விரட்டிவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டவளை என்னவென்று சொல்வது? மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பார்வையோடுதான் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு சின்னத் திடுக்கிடல் தெரிந்தாலும் போதும், விடமாட்டேன்.

நாங்கள் போனபோது சென்னம்மாள் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பையன். தட்டில் கேழ்வரகுக் களி. ஒரு துணுக்கைத் தன் வாயில் போட்டு மென்று, குழைத்து, விரலில் எடுத்துப் பையன் வாயில் வைத்தாள். அவன் சப்புக்கொட்டிவிட்டு அவள் உதட்டிலேயே கை வைத்து இன்னும் கேட்டான். அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கன்னத்தில் மட்டும் ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இவளை எதுக்கு சாயபு கூட்டியாந்தீங்க?" என்று அவள்தான் முதலில் சத்தம் போட்டாள். "நோய்க்காரியப் புள்ள இருக்கற வூட்டுக்குள்ள வுடலாமா? ராமக்கா, வெளியில நில்லு. உனக்குப் புள்ள மேல ஆசை இருந்தா நில்லு அங்கியே."

"சென்னம்மா, சித்திரையில கொண்டாந்தியே, ராமக்கா டப்பி. அதுல இருந்தது யாரு சளி?" என்று கேட்டுவிட்டு, அவள் கண்ணையே பார்த்தேன்.

"என்னுதுதான்" என்றாள்.

திடுக்கிடல் இல்லை. பதுங்கல் இல்லை. களித் துணுக்கு விரலில் அப்படியே இருந்தது.

"என் டப்பி எங்க அம்மா குடுத்ததுங்க. அவங்க இப்ப இல்ல. அப்ப எனக்குத்தான் கொஞ்சம் இருமல் இருந்துச்சு. நோய் இருந்தா டப்பியக் குழியில போட்டுருவாங்கன்னு ஊருல சொன்னாங்க. இவ கல்லு மாதிரி இருந்தா. இவ துப்பினா என் டப்பிக்குச் சேதம் வராதுன்னு மாத்திக் குடுத்தேன். இவளுக்கு வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துக்கலாம்னு இருந்தேன். அது ஒரு தப்பா?"

"அப்ப, அந்த டப்பி திரும்பி வரலைன்னா நோய் உனக்குன்னு உனக்குத் தெரியுமே!"

"தெரியாமயா? பயந்துக்கிட்டேதான் அன்னைக்கு உங்ககிட்ட வந்து நின்னேன். நீங்கதானே சாயபு காதுல சொன்னீங்க? சென்னம்மாளுக்கு இல்லை, ராமக்காவுக்கு இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? டப்பிய மாத்தியும் கண்டுபுடிச்சிட்டாங்களே, எப்பேர்ப்பட்ட கண்ணாடின்னு நெனைச்சுக்கிட்டு வந்தேன்."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஊரே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வார்த்தையைக் காதில் வாங்கி நம்பியது இவள் ஒருத்திதான். மெதுவாகச் சொன்னேன். கண்ணாடியில் ஆள் தெரியாது, டப்பியில் இருந்த பேரைப் பார்த்துத்தான் சொன்னேன், நோய் அவளுக்குத்தான் என்று சொன்னேன்.

அவள் பையனை இறுக்கிக்கொண்டாள். "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு வந்து வேற ஒண்ணு சொல்லுவீங்க. நான் எதை நம்பறது? இவ ஏதாச்சும் குடுத்துக் கூட்டியாந்தாளா உங்கள?"

இந்தத் தடவை எனக்குக் கத்தத் தோன்றவில்லை. நானாக இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அதுவரை நிலைப்படியில் நின்றிருந்த ராமக்கா பேசினாள். சத்தமே போடவில்லை.

"அக்கா, அன்னைக்கு எனக்கு நோயின்னு சொன்னப்ப, நான் யாரையாச்சும் ஒரு கேள்வி கேட்டனா? பால் கட்டி நெஞ்சு தெறிச்சுது. புள்ளைக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு பேசாம எறங்கிப் போனேன். சாயபு சொல்றது பொய்யாவே இருக்கட்டும். இப்ப நீங்க எறங்குங்க."

சென்னம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, முந்தானைக்குள் இருமினாள். இருமி முடித்தவுடன் பையனைத் தூக்கி வீட்டின் நடுவில் தரையில் உட்காரவைத்தாள். எழுந்து, பின்னாலேயே நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

ராமக்கா ஓடிப் போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வா சாமி, அம்மாகிட்ட வா" என்றாள். பையன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு திரும்பி, முட்டி போட்டுச் சென்னம்மாளை நோக்கிப் போனான்.

"வராதடா. கிட்ட வராத" என்று சென்னம்மாள் தரையைக் கையால் அடித்தாள். அவன் விளையாட்டு என்று நினைத்துக் கலகலவென்று சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாக நகர்ந்தான். அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அவனைத் தாண்டி, எங்களைத் தாண்டி, வாசலுக்கு ஓடினாள். சிரிப்பு அழுகையானது. ராமக்கா அவனை வாரித் தூக்கினாள். பெற்றவள் இடுப்பில் உட்காராமல் அவன் முறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் கை நீட்டி அழுதான். அவளும் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

வெளியே, முற்றத்தின் அந்தப் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் சென்னம்மாள் திரும்பினாள். முந்தானை வாயை மூடியே இருந்தது.

"சாயபு, நான் எங்க வேணும்னாலும் வர்றேன். புள்ளைக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. தினமும் நான் மென்னுதானே ஊட்டினேன். அவனுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."

"கைப்புள்ளைக்குக் காறித் துப்பத் தெரியாதும்மா. வர்ற சளிய முழுங்கிரும். அதைப் பாக்க எங்ககிட்ட வழி இல்லை."

"அப்ப, இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியறது?" என்று கேட்டது ராமக்கா.

இருவரும் என் வாயையே பார்த்தார்கள். இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. இரண்டு பெண்களும் அந்த ஒரு வார்த்தைக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

நான் அவர்களிடம் சொன்ன அத்தனையிலும் அதை மட்டும்தான் இருவருமே சந்தேகப்படவில்லை.